ஒன்பது வாய்கள்

செவ்வாய்ப்பேட்டையில், இரும்புக்கடைக்கு மேல்மாடி.
கீழே தகரம் இறக்குகிற சத்தம் ஓய்ந்த பிறகுதான்
குரல் பதிவு செய்வோம்.
எட்டரைச் செய்திக்கும் நகைக்கடை விளம்பரத்துக்கும் நடுவே
இரண்டு நிமிடம் எங்களுடையது:
‘வார்டு வரதப்பன்.’
பார்த்திருப்பீர்கள்.
தொப்பை முதலில் வரும்,
பின்னால் ஆள் வருவார்.

நான் அவருக்கு வாய் வரைகிறவன்.
வேறெதுவும் இல்லை, வாய் மட்டும்.
ஆ-வுக்கு ஒன்று, ஈ-க்கு ஒன்று,
ஊ-வுக்குக் குவித்து ஒன்று,
ஓ-வுக்கு அதையே கொஞ்சம் தளர்த்தி.
பன்னிரண்டு உயிருக்கும் ஐந்து வாய் தாராளம்.
மெய்க்கு இரண்டு; அதில் ஒன்று மூடியது.
மீதி இரண்டு எந்த எழுத்துக்கும் இல்லை.
தேர்தலுக்கு முன் சிரிப்பது ஒன்று,
பின் சிரிப்பது ஒன்று.

திருமணிமுத்தாற்றைத் தார்க் கறுப்பில் ஊற்றினோம்.
முத்து எங்கே என்று ஒரு பையன் கேட்பான்,
வரதப்பன் தன் மோதிரத்தைத் தடவுவார்.
அஸ்தம்பட்டிக் குழிக்கு
முதலாம் ஆண்டுப் பிறந்தநாள் என்று கேக் வெட்டினோம்.
மறுநாள் தட்டுவடை செட் கடையில்
ஆளாளுக்கு அந்த வசனத்தைச் சொன்னார்கள்.
சொல்லிக்கொண்டே
குழியைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

நிஜக் கவுன்சிலருக்குக் கோபம் வருமென்று
ஆறு மாதம் காத்திருந்தோம்.
போன் வந்தது,
மீசையைக் கொஞ்சம் அடர்த்தியாகப் போடச் சொல்லி.
எங்கள் தொடக்க இசைதான் இப்போது அவருடைய ரிங்டோன்.
ஆடித் திருவிழா பேனரில்
அவருக்குப் பதில் வரதப்பனே கும்பிடுகிறார்,
நான் வரைந்த எட்டாவது வாயோடு.
லோகேந்திரன் இதை வெற்றி என்றார்.
முதலாளி அல்லவா.
பிரியாணி வாங்கிக் கொடுத்தார்.

நூற்றுப் பன்னிரண்டாம் பகுதி.
வரதப்பன் பாதாளச் சாக்கடையைத் திறந்து வைக்கிறார்.
ரிப்பன் வெட்டியதும் மூடி உடைந்து
பக்கத்தில் நின்ற தொழிலாளி உள்ளே.
தொபுக்கடீர்.
‘ஆழம் சரியாத்தான் இருக்கு’ என்பார், எட்டிப் பார்த்து.
அதைப் படித்தபோது நானே சிரித்தேன்.

காலையில் ஒரு பெண் கூப்பிட்டாள்.
அங்காயி, கிச்சிப்பாளையம்.
“திட்டறதுக்கு இல்லீங்க.
எங்க வூட்டுக்காரருக்கு அந்த வேலதான்.
நேத்து ஒங்க படத்தப் பாத்து
இருமி இருமிச் சிரிச்சாரு.
ஒண்ணே ஒண்ணு கேக்கணும்.
உள்ள வுழுந்த ஆளுக்கு வாயே இல்லீங்களே,
எப்படிங்க கத்துவான்?”

பின்னணி ஆட்களுக்கு நாங்கள் வாய் வைப்பதில்லை.
நேரம் மிச்சம், கோப்பும் சின்னதாகும்.
ஐந்து ரோட்டுக் கூட்டம், ரேஷன் வரிசை,
உருக்காலை வாசலில் ஷிப்ட் மாறுகிறவர்கள்,
நூற்றுப் பன்னிரண்டு பகுதிகளாக
மூக்குக்குக் கீழே வெறும் தோல்.
யாரும் கவனித்ததில்லை.
வாய் வரைகிற நானும்.

அன்றிரவு அவனைத் திரையளவு பெரிதாக்கினேன்.
ஒன்பதையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன்.
ஆ வைத்தால் வரதப்பன் கொட்டாவி விடுகிற மாதிரி இருந்தது.
மூடிய வாய்கூட வரதப்பனுடையதுதான்,
வெற்றிலை மென்று முடித்தது.
ஜன்னலில், சேர்வராயன் மலைப் பாதையில்,
ஒரு லாரி வெளிச்சம் வளைவு வளைவாக ஏறியது.
அது மறையும்வரை
ஒரு கோடும் வரவில்லை.

கருக்கலில் வந்தது, பத்தாவது.
நேராகக்கூட இல்லை.
எந்த எழுத்துக்கு என்று கேட்காதீர்கள்.

நூற்றுப் பதின்மூன்றில்
குழிக்குள்ளிருந்து அவன் மேலே பார்க்கிறான்.
பன்னிரண்டு நொடி.
வசனமில்லை. தொபுக்கடீர் இல்லை.
திலகவேணி மைக் முன்னால் மூச்சு மட்டும் விட்டாள்.
அதையும் வெட்டிவிடச் சொன்னாள் அவளே.

ஐந்து நிமிடத்தில் பதினேழு அழைப்பு.
எல்லாம் ஒரே கேள்வி:
சவுண்டு போயிடுச்சா?
கிச்சிப்பாளையத்து நம்பரிலிருந்து எதுவும் இல்லை.
பதினெட்டாவது, கவுன்சிலர்.
“என்ன தம்பி,
இன்னைக்கு நான் வரலையே?”