தொண்ணூறு விநாடி

பாசையூர் ஐஸ் கொம்பனியில்
கணக்கு மெசின் "சாகமாட்டன்" எண்டு நிற்குதாம்.
இரவு ஒன்பதரைக்கு அழைத்தார் கிளாக்கர் யூஜின்.
நிறுத்தினால் நிற்காது,
போட்டால் கெதியில் எழும்பாது.
நடுவில் மட்டும் ஒரு குறையுமில்லை.

கறுப்புத் திரையில் வரிகள்
சரி, சரி என்று பச்சையாய்த் தலையாட்டிப் போயின.
பிறகு ஒரு சிவப்புப் புள்ளி
இடமும் வலமும் உலாத்தத் தொடங்கியது,
பிரசவ வாட்டு வாசலில் நிற்கிறவன் மாதிரி.
காத்திருக்கிறேன் என்றது.
எதற்கென்றும் எழுதியிருந்தது, ஒருவரும் வாசிக்கவில்லை:
எழுத்தும் இலக்கமும் கோடுமாய்
முப்பத்தாறு நீளத்தில் ஒரு டிஸ்க்கின் பெயர்.

"அது வெள்ளத்துக்குள்ள போனதல்லோ.
போன மார்கழியே கழட்டி எறிஞ்சாச்சு."
எறிந்ததை இதற்கு யாரும் சொல்லவில்லை.

வரியை நான் அழிக்கவில்லை.
முன்னால் ஒரு # நட்டேன்:
இரண்டு கதியால், இரண்டு வரிச்சு.
இனி வேலிக்கு அந்தப் பக்கம் மெசின் பாராது.

அணைப்பதுதான் பாடுபடுத்தியது.
நேற்றைய பதிவைக் கடைசி வரியிலிருந்து
மேலே மேலே வாசித்தேன்,
செத்தவீட்டில்
"எத்தினை மணிக்கு? அதுக்கு முதல் என்ன சாப்பிட்டவர்?"
என்று கேட்பவர்களைப் போல.

நெட்வேர்க் முதலில் படுத்துவிட்டது.
அதற்குப் பிறகுதான் கணக்குப் புரோகிராம்
மயிலிட்டிக் கிளைக்கு
அன்றைய கடைசி வரவை அனுப்பப் பார்க்கிறது.
பாலத்தைக் கழற்றிப்போட்டு
பஸ்ஸை வரச்சொன்ன கதை.
பதில் வராது, இது விடாது.
ஒன்பதாம் நம்பர் சிக்னலால் அடித்தேன்.
அசையவில்லை.

பின்தூங்கி முன்னெழ வேண்டியது நெட்வேர்க்.
அதை இந்தப் புரோகிராமுக்கு
ஒருவரும் எழுதி வைக்கவில்லை.
ஒரு வரி எழுதினேன்: அதற்குப் பின் எழும்பு.
பிந்தி எழும்புகிறது முந்திப் படுக்கும்,
மிச்சத்தை மெசினே விளங்கிக்கொள்ளும்.

கரண்ட் ஒருக்கால் போய் வந்தது.
வெளியே ஐஸ் நொருக்குகிற சத்தம்.
பதினொன்று நாற்பதுக்கு அணைத்தேன். நான்கு விநாடி.
போட்டேன். பதினொன்று.

யூஜின் சந்தோசப்படவில்லை.
"இவ்வளவு கெதியாவோ?
விடியக் காலமை அந்தச் சிவப்பு ஓடேக்கதான்
நான் பிளேன்ரீ ஊத்துறது.
அந்த ஒண்டரை நிமிசம்
ஒருத்தரும் என்னட்ட ஒண்டும் கேக்கமாட்டினம்."

கேத்திலை வைத்துவிட்டு வந்து
தானே ஒருமுறை அணைத்து, திரும்பப் போட்டுப் பார்த்தார்.
தண்ணீர் இரையத் தொடங்கவில்லை,
திரை அவரிடம் பெயரைக் கேட்டது.