அறுபத்தொரு சதவீதம்

இரவு ஒன்று பத்துக்குக் கரண்ட் வந்தது.
பசுந்தாங் தெருவில் எல்லா மோட்டாரும்
ஒரேசமயத்தில் இருமின.
லேப்டாப்பைத் திறந்தேன்.

பெயர்?
சான்றிதழில் மா கின் தாண்டா,
வீட்டில் செங்கமலம்.
இரண்டையும் போட்டேன், நடுவே ஒரு கோடு.
யாராவது கேட்டால்
அக்கா தங்கை என்றுவிடலாம்.

கன்னத்துத் தனக்காவைத் துடைத்துவிட்டு எடுத்த படம்.
இந்த முகத்தை
என் நோயாளிகள் பார்த்ததேயில்லை.

அனுபவம்: ஒன்பது வருடம், மகப்பேறு வார்டு.
திறன்கள்: சிரை ஊசி ஏற்றுதல்.
ஜெனரேட்டர் செத்த இரவுகளில்
செல்போனைப் பல்லில் கடித்துக்கொண்டு
பச்சை நரம்பைத் தேடியதை
எந்தக் கட்டத்தில் எழுத?

‘பணியில் இடைவெளி இருந்தால் விளக்கவும்.’
பதினான்கு மாதம்.
மூன்று வரி அடித்தேன். அழித்தேன்.
மறுபடி ஒரு வரி.
அதையும்.
கடைசியில், குடும்பக் காரணம் என்று போட்டேன்.
பொய்யில்லை.
குடும்பம் கொஞ்சம் பெரியது.

பதிவேற்றம்
நாற்பது, ஐம்பத்தைந்து, அறுபத்தொன்று.
ஃபேன் தன் கடைசிச் சுற்றை
மெதுவாகச் சுற்றி நின்றது. தெருவும் அணைந்தது.

இருட்டில், பழக்க தோஷம்,
சொந்த மணிக்கட்டைப் பிடித்து
எண்ணத் தொடங்கியிருந்தேன்.
தொண்ணூற்றாறு.
கொஞ்சம் அதிகம்தான்.