நூறால் பெயர்ந்த மீதி

இரணைமடுக் கதவுக்குத்
'திற' என்று செய்தி அனுப்புவது யாரென்று
அந்தச் சின்னச் சிப்தான் பார்க்க வேண்டும்.
பார்த்து முடிக்கப் பதினேழு செக்கன்.
வகுத்தல்தான் அதற்கு வருத்தம்.

அறிவியல்நகர். கரண்ட் போன பின்னேரம்.
பிஸ்கட் பெட்டியைக் கிழித்து
தர்மினி எழுதுகிறாள்:
4321.
தொண்ணூற்றேழால் வகுக்காதே.
ஏழு தரம் தொண்ணூற்றேழைக் கூட்டு.
5000.
கடைசி இரண்டு பூச்சியத்தையும் தட்டிவிடு.
ஐம்பது.

இது சரியான மீதி இல்லையே, என்றேன்.
இல்லைத்தான்,
நூறால் இடம்பெயர்ந்த மீதி.
எல்லா எண்ணும் ஒரேயளவு பெயர்ந்தால்
பெயர்ந்த இடத்திலேயே பெருக்கலாம்,
மூவாயிரம் தரம் என்றாலும்.
முடிவில் ஒருக்கா
திரும்பி வந்தால் காணும்.

அவளின் அடையாள அட்டையில்
இன்னும் செட்டிகுளத்து விலாசம்.
மாற்றப் போனால் ஒருநாள் லீவு வேணும்,
அவ்வளவுதான், என்பாள்.

எட்டரைக்குக் கரண்ட் வந்தது.
மூன்று செக்கன்!
கதவு மட்டும் அசையவில்லை.
விடை எப்போதாவது தொண்ணூற்றேழைத் தாண்டும்,
அப்போது ஒரேயொரு தரம் கழிக்க வேணும்,
அந்த வரியை எழுதவில்லை நாங்கள்.

நுளம்புச் சுருள் இரண்டு எரிந்து முடிந்தது
அதைக் கண்டுபிடிக்க.