நேற்றைக்கு வந்து சேர்பவருக்கு

செவ்வாய்க்கிழமை காலை ஆக்லாந்தில் ஏறினால்
திங்கட்கிழமை மதியம் எங்களிடம் இறங்குவீர்கள்.
வாழ்ந்து முடித்த நாளொன்று
மறுபடி கையில்.
அதை வைத்து என்ன செய்வதென்று தெரியாமல்
பெரும்பாலோர் தூங்கிவிடுகிறார்கள்.

நியுவேயில் ஆறு இல்லை.
விழுந்த மழையைப் பாறையே குடித்துவிடும்.
கலக்கிவிட ஒரு பிடி சேறில்லாத கடல்
ஆழத்தை ஒளிக்கத் தெரியாமல் கிடக்கும்.
நீங்கள் படத்தில் பார்த்த நீளமான வெண்மணல்
வேறு யாரோ தீவினுடையது.
இங்கே பவளப்பாறை. செருப்போடு இறங்குங்கள்.

துறைமுகமும் இல்லை.
பிஹிகியா கிரேனில் படகைத் தூக்கி
பொங்கும் பால்சட்டியை இறக்கும் கவனத்தோடு
தண்ணீரில் வைப்பார்.
அவர் சாப்பிடப் போயிருந்தால்
கடல் மூடியிருக்கிறது என்று பொருள்.

கடல்பாம்பு உண்டு.
கடித்ததாக இதுவரை யாரும் என்னிடம் வந்து சொன்னதில்லை.
ஞாயிறன்று நீந்த வேண்டாம்.
கடவுள் ஒருவேளை மன்னிப்பார், என் மாமியார் மாட்டார்.
எதிரே வரும் ஒவ்வொரு காருக்கும் கையசையுங்கள்;
மறந்தால், பொழுது சாய்வதற்குள்
உங்களுக்கு உடம்பு சரியில்லை என்று
பதினாலு ஊருக்கும் தெரிந்துவிடும்.

ஆகஸ்டில் திமிங்கலங்கள்
குட்டியோடு பாறைக்கு அருகே வரும்.
ஜன்னலைத் திறந்து வைத்தால்
இரவெல்லாம் மூச்சு கேட்கும்.
பக்கத்து அறைக்காரரின் குறட்டை என்று
ஒரு ஜெர்மன்காரர் விடியும்வரை சுவரைத் தட்டினார்.
பக்கத்து அறையில் ஆளே இல்லை.

சாலையோரம் பூட்டிய வீடுகளைப் படமெடுப்பீர்கள்.
எல்லோரும் எடுக்கிறார்கள்.
கூரையைப் பிளந்து பப்பாளி நிற்பது
ஹெகாவ் குடும்பத்தின் வீடு.
கேட்குமுன் சொல்லிவிடுகிறேன்:
புயலும் இல்லை, நோயும் இல்லை.
நீங்கள் எழுந்த இருக்கையில் சூடு ஆறுமுன்
எங்களில் ஒருவர் உட்கார்ந்துவிடுகிறார்.
அதே விமானம்தான்.

சுற்றுலா அலுவலகம் கேட்ட அறிமுகம்
இத்துடன் முடிந்தது.
இனி என் சொந்த வேலை.

திரும்பும்போது உங்கள் பையில் இடமிருக்கும்,
சன்ஸ்கிரீன் தீர்ந்திருக்கும்.
தேங்காய் நண்டு இரண்டு
வேகவைத்து, உறையவைத்து,
நீலப் பெட்டியில் தருகிறேன்.
வெளிவாசலில் தோகியா என்று ஒருவன் நிற்பான்.
அடையாளத்துக்குப் படம் தந்தால் உதவாது,
என்னிடம் இருப்பதில்
அவன் என் தோளைக்கூட எட்டவில்லை.
பெட்டியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடியுங்கள்.
வந்துவிடுவான்.

மூன்றரை மணி நேரப் பயணம்தான்.
ஆனாலும் நாள்காட்டியில் ஒரு நாள் கழிகிறதே,
ஐஸ் கொஞ்சம் கூடவே வைக்கிறேன்.