வளராத பிறை

இடப் பக்கத்திலிருந்து அந்த மான் வரவில்லை.
ஏற்கெனவே நின்றது.
திருகோணமலைக் கடற்கரை வீதியில், இரவு எட்டேமுக்காலுக்கு,
புல்மோட்டை பஸ்ஸின் முன்சில்லுக்கு ஒரு சாண் முன்னால்,
குப்பைப் பையொன்றைக் கௌவியபடி.
பிரேக் பிடித்தது என் கண் அல்ல,
கொண்டக்டர் இஹ்ஸான் போட்ட சத்தம்.

அதுவரை நம்பியிருந்தேன்
குருடு என்றால் கறுப்பு என்று.
கறுப்பே இல்லை.
பக்கத்துத் தெருவைக் கொஞ்சம் இழுத்து
ஓட்டையை மூடித் தைத்துவிடுகிறது மூளை.
தையல் தெரியாது. அவ்வளவு நல்ல தையல்.
அதற்குள்தான் மான் நின்றது.

கண் கிளினிக், முப்பத்தெட்டாம் நம்பர்.
பத்து லட்சம் நரம்பிழை கயிறாகத் திரண்டு
கண்ணிலிருந்து மூளைக்குப் போகுதாம்.
கண்ணுக்குள் அமுக்கம் கூடக் கூட
ஒவ்வொன்றாய்ச் சாகுதாம், நோவில்லாமல்.
அந்தச் சொல்லில்தான் எனக்குக் கோபம் வந்தது.
ஒரு பல்லுக்கே விடிய விடிய அழுகிறோம்.
"செத்தது திரும்பாது," என்றார் டொக்டர்,
"மிச்சத்தைக் காப்பாற்றலாம்."
இந்த ஊரில் இதை
முதல் தடவையாகக் கேட்பவன் போலத் தலையாட்டினேன்.

பிறகு இருட்டறை. வெள்ளைக் கிண்ணம் போல ஒரு மெஷின்.
நாடியை வைத்து, நெற்றியை முட்டி,
நடுவிலிருக்கும் மஞ்சள் புள்ளியையே பார்க்க வேண்டும்.
ஓரத்தில் எங்காவது வெளிச்சம் மினுங்கினால்
பொத்தானை அமத்த வேண்டும்.
"நேரே பாருங்க. அசையாதீங்க."
இதே சொற்களை, வேறு மொழியில்,
பஸ்ஸிலிருந்து இறங்கி நின்று
முகத்திலடித்த டோர்ச்சுக்கு முன்னால் கேட்டிருக்கிறேன்.
அன்றும் அசையவில்லை.

லைசென்ஸ் நெஞ்சுப் பையில் இருந்தது.
மெஷினுக்கு ஒரு தாளம் இருந்தது.
தாளத்துக்கு அமத்தினேன்:
கண்டதற்கு, காணாததற்கு,
கண்டிருக்க வேண்டியதற்கு.

வெளியே வந்த தாளை
மிஸ் நஸ்மியா நெடுநேரம் பார்த்தா.
"அண்ணன், மெஷின் சும்மா இருந்த நேரமும் அமத்தியிருக்கிறீங்க.
பதினேழு தரம்."
ஏசவில்லை. புதுத் தாள் போட்டா.
"இன்னொருக்காச் செய்வம்."

இரண்டாம் தரம்
காணாததைக் காணாததாகவே விட்டேன்.
விரல் பொத்தானில் கிடந்தது,
ஏறவும் இறங்கவும் ஆளில்லாத தரிப்பிடம் மாதிரி.
எனக்கென்று வந்த வெளிச்சங்கள்
என்னைத் தட்டாமலே திரும்பிப் போயின.

தாளில், இடப் பக்கம், மேலே வளைந்த ஒரு கறுப்புப் பிறை.
கொட்டியாரக் குடாவை யாரோ
மையால் நிரப்பியது போல.

இப்போது டிப்போவில் நேரம் எழுதுகிறேன்.
முதல் மாதம் கை சும்மா மேசையை வளைத்துப் பார்த்தது.
வீட்டில், தயிர்ச் சட்டிக்கும் சூடைமீனுக்கும் நடுவே
மருந்துப் போத்தல், என் சுண்டுவிரலளவு.
கரண்ட் இல்லாத நாட்களில்
மீன் லொறியில் ஐஸ் கேட்டு வாங்கி
பிளாஸ்கில் வைத்துக் காத்தாள் புவனலோஜினி.
ஒன்பது மணிக்குக் கீழிமையை இழுத்து ஒரு துளி.
இரண்டு விழுந்தால் ஒன்று காசு,
கன்னத்தில் வழியும்.
மூக்கோரத்தை விரலால் அமத்திக்கொண்டு
ஒரு நிமிடம் கிடப்பேன்.

கண் திறந்தால் நேற்றைய அதே சுவர்.
அதே பல்லி.
ஒன்றும் ஆகவில்லை.
ஒன்றும் ஆகாமலிருக்கத்தான் இந்த மருந்து
என்று விளங்க எனக்கு ஏழு மாதம் எடுத்தது.

கனடாவிலிருக்கும் தம்பிக்குச் சொன்னேன்:
பரம்பரையில வரும், நீயும் ஒருக்காக் காட்டு.
"எனக்கு ஒரு நோவும் இல்லையே அண்ணா" என்றான்.
போனை வைக்காமல் கெஞ்சினேன்.
நாளைக்கும் எடுப்பேன்.

வருசம் திரும்பியது. நஸ்மியா
பழைய தாளையும் புதிய தாளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து
ஜன்னல் வெயிலில் பிடித்தா.
கறுப்பின்மேல் கறுப்பு, அச்சாக.
"கூடல்ல" என்றா.
இவ்வளவு சின்னச் சொல்லுக்கு
நான் கதிரையைப் பிடித்து உட்கார்ந்தேன்.

பொழுதுபட்டு பஸ் நிலையத்தால் நடந்து வருகையில்
இடப் பக்கத்தை இனி நம்புவதில்லை.
தெரு வெறிச்சென்று, சுத்தமாக, முழுசாகத் தெரிகிறது.
நின்று,
தலையை முழுதாகத் திருப்பிப் பார்க்கிறேன்.

நிற்கிறது,
யாரோ எறிந்த ரிக்கற்றை மென்றுகொண்டு.