ஓரலகு நீளத்தில்

டார்ச்சைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும்.
நேராக அடித்தால் தண்ணீர் என் முகத்தைத்தான் காட்டும்,
அதன் பின்னால் புளியந்தோப்பு வானம், கேபிள் வயர்கள்.
சாய்த்தால் உள்ளே தெரியும்:
கீழ்நோக்கித் தொங்கும் காற்புள்ளிகள்.
வால் நுனியில் ஒரு குழல்,
குழலின் வாயில் பூவாய் விரிந்த சில மயிர்கள்.
அவ்வளவுதான் மேலே.

எதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது?
வேலைக்குச் சேர்ந்த புதிதில் டெய்சியைக் கேட்டேன்.
"எதையாவது புடிச்சுக்கினு தொங்கட்டும்,
நீ மருந்த ஊத்து" என்றாள்.

நாலு வருஷம். ஒரு நாளைக்கு ஐம்பது வீடு.
சம்ப், சின்டெக்ஸ், ஃபிரிட்ஜ் பின்தட்டு,
மொட்டைமாடியில் யாரோ மறந்த டயர்.
தண்ணீருக்குத் தோல் இருக்கிறது என்று
ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.
தோல் இல்லை.
மேலே வந்து நிற்க நேர்ந்த தண்ணீர், அவ்வளவே.

காலை எட்டரை மணி 29சி.
நடுவில் நிற்பவளை எல்லாப் பக்கமும் நெருக்கி இழுக்கிறார்கள்,
ஓர் இழுப்பை இன்னோர் இழுப்பு தின்றுவிடுகிறது,
கம்பியைப் பிடிக்காமலே அவளால் தூங்க முடியும்.
ஃபுட்போர்டில் இருப்பவனுக்கு ஒரு பக்கம் ஆளில்லை.
காற்று இருக்கிறது, காற்று யாரையும் பிடிப்பதில்லை.
ஆகவே அவன் உள்ளே இருப்பவர்களை,
பக்கத்தில் தொங்குபவனின் சட்டையை,
இருக்கிற கையெல்லாம் கொண்டு இறுக்குகிறான்.
அந்த இறுக்கம்தான்.
அதன் மேல் ஊசி படுத்துக்கிடக்கிறது.
அதன் அடியில் புழு மூச்சு விடுகிறது.

ஓட்டேரி நல்லாவுக்கு எண்ணெய் உருண்டை.
மரத்தூளைத் துணியில் முடிந்து
பழைய இன்ஜின் ஆயிலில் ஊறவைத்தது.
எறிந்ததும் மயில்கழுத்து நிறம் ஒன்று
அந்தச் சாக்கடை மேல் அவசரமில்லாமல் நடந்து போகும்.
அழகுதான், என்ன செய்வது.
நிறம் போன இடமெல்லாம் பிடி தளர்கிறது.
புழு மேலே வருகிறது, குழலை நீட்டுகிறது,
நழுவுகிறது,
நெளிந்து இறங்குகிறது, மறுபடி வருகிறது.
ஒருநாள் நின்று எண்ணினேன்.
பதினொன்றுக்கு மேல் எண்ணவில்லை.

பாவம் பார்க்கிறவள் இல்லை நான்.
போன ஐப்பசியில் என் நிரோஷாவுக்கு டெங்கு,
எழும்பூர் ஆஸ்பத்திரி, ஒன்பது ராத்திரி.
பாட்டிலுக்குக் கீழே அந்தக் கண்ணாடிக் குமிழில்
ஒரு துளி முளைக்கும். பருக்கும். கழுத்து மெலியும்.
விழு, விழு என்பேன்.
கனம் போதுமென்று ஆகும் வரை
மேலே இருந்த தண்ணீர் அதை விடாது.
பிறகு விடும்.
ஒன்பது ராத்திரியும் அந்தக் கையைத்தான் பார்த்தேன்,
விடாததையும், விட்டதையும்.

இன்று பல்கீஸ் வீட்டு மாடி.
கீழே அவள் மகன் பரீட்சைக்குக் கத்துகிறான்:
"பரப்பு இழுவிசை என்பது திரவத்தின் பரப்பில்
வரையப்பட்ட கோட்டிற்கு, ஓரலகு நீளத்தில்,
செங்கு... செங்குத்தாக..."
அங்கேயே தடுக்குகிறான்.
தொட்டி மூடியைத் தூக்கிப் பிடித்தபடி
அவனுக்காகக் காத்திருக்கிறேன்.

பல்கீஸ் டம்ளரில் தண்ணீர் கொண்டுவருகிறாள்,
படி ஏறும்போதே விளிம்பைத் தாண்டி உப்பியிருக்கிறது,
ஒரு மயிரிழை உயரம், கண்ணாடி முதுகு.
சிந்தவில்லை.
"கை நடுங்கப் போவுது, சீக்கிரம் வாங்கு."
வாங்கவில்லை. அவள் கையில் இருக்கும்போதே குனிந்தேன்.
உதடு படுவதற்கு முன்பே
தண்ணீர் எழும்பி வந்து உதட்டைப் பிடித்தது.

"செங்குத்தாகச் செயல்படும் விசை" என்றான் பையன் ஒருவழியாக.

கதவு அட்டையில் தேதி போட்டேன்.
தொட்டி: ஒன்று. புழு: இல்லை.
கையெழுத்தின் மேல் டம்ளரிலிருந்து ஒரு சொட்டு.
உடனே துடைக்கவில்லை,
அதற்குள் என் இனிஷியல் பெரிதாகத் தெரிந்தது.