எட்டரை மணிக் கணக்கு

கொக்கிரகுளம் அலுவலகத்தில்
ஆற்றைப் பார்த்த ஜன்னலுக்கு முதுகு காட்டிக் கிடக்கிறது என் மேசை.
ஒரு தொலைபேசி, நீலக்கோடு போட்ட பதிவேடு,
மூடி தொலைந்த ஒரு பேனா.
மலை ஏறினதில்லை நான்.
இரண்டாம் வளைவிலேயே வாந்தி வரும் உடம்பு.
ஆனாலும் காலை எட்டரைக்கு
மாவட்டம் முழுக்க என் காதுக்குள் இறங்கிவிடும்
மேற்கிலிருந்து கிழக்காக, தண்ணீர் வடிகிற வரிசையில்.

முதலில் ஊத்து.
தாசையன் குரலுக்குப் பின்னால் எப்போதும்
தகரத்தில் யாரோ அரிசி கொட்டுகிற சத்தம்.
"நூத்தி எண்பத்திரெண்டு. எழுதிட்டீங்களா?
குடுவைய ரெண்டு தடவ கவுத்து அளந்தேன்.
பொறுங்க, அட்டை கடிக்கு."
பொறுப்பேன்.
அவர் அதைப் பிய்த்து எறிவதுகூட ஈரமாகத்தான் கேட்கும்.

பிறகு நாலுமுக்கு, காக்காச்சி, மாஞ்சோலை.
வளைவுக்கு வளைவு எண் மெலியும்.
மணிமுத்தாறு வந்து சேரும்போது
எலும்பும் தோலுமாக ஒரு பதினாலு.
களக்காட்டு மைதீன் பிச்சை
மழையைச் சொல்லுமுன் வாழையைச் சொல்வார்:
பச்சையாற்றங்கரையில் எத்தனை சாய்ந்தது,
காற்றா, பன்றியா.
அதற்கும் பதிவேட்டில் இடமில்லை.

கடைசியில் திசையன்விளைக்குத் தெற்கே
செம்மணல் தேரியின் ஓரத்தில்
கம்பிவேலிக்குள் தனியாக நிற்கும் ஒரு மழைமானி.
அதன் ஆள் பூலுடையார்.
ஆனி முழுக்க, ஆடி முழுக்க
அவர் சொல்வது ஒரே சொல்:
"நில்."
ஆபீஸ் பாஷையில் அதற்கு ஒன்றுமில்லை என்று பொருள்.
எனக்கோ
ஓடுகிற மேகத்தை அவர் தினமும் அதட்டுவதுபோல் இருக்கும்.

அது நிற்பதில்லை.
பணகுடிக் கணவாயில் புகுந்த காற்று
காற்றாலைகளைச் சுழற்றிவிட்டு
தேரி மணலை ஒரு பனையடியிலிருந்து
அடுத்த பனையடிக்கு மாற்றி வைத்துவிட்டு
கடலுக்குப் போய்விடும்.
"தலைக்கு மேலதான் போவுது, வண்டி வண்டியா.
இங்க எறக்கத்தான் ஆளில்ல."
மேற்கே பார்த்தால் மலை நீலமாக நிற்குமாம்,
குளித்துவிட்டுத் தலை துவட்டாமல்.

ஆடி பதினொன்றில் ஒன்பதேகாலுக்குத்தான் கூப்பிட்டார்.
"ஈரம் இருக்கும்மா."
"எவ்வளவு?"
"முதக் கோட்டுக்குக் கீழ."
"அப்போ பூஜ்யம்தானே?"
இழையில் காற்று மட்டும் கொஞ்ச நேரம்.
"பூஜ்யம்னா காஞ்சுல்லா கெடக்கணும்?"

பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன்.
பூஜ்யம் என்றால் அவர் பொய்யர்,
ஒன்று என்றால் நான்.
கட்டத்தை அப்படியே விட்டேன்.
மதியம் சென்னையிலிருந்து கேட்டார்கள்:
காலியாக இருக்கிறதே, கருவி பழுதா?
இல்லை சார், மழை என்றேன்.
புரியவில்லை என்றார்கள்.
எனக்கும் அதற்குமேல் சொல்லத் தெரியவில்லை.

ஐப்பசியில் வரிசை தலைகீழாகும்.
கடலிலிருந்து மேகம் ஏறும்;
பூலுடையார் எட்டு மணிக்கே கூப்பிட்டு
மூச்சு வாங்க எண் சொல்வார்.
அதற்கு இன்னும் நாள் கிடக்கிறது.

சாயங்காலம் பாலத்தில் நடக்கிறேன்.
கீழே ஆறு தேயிலைச் சாயத்தில் போகிறது.
அணை பிடித்து வைத்தது போக
கன்னடியன் கால் குடித்தது போக
கோடகன் கால், பாளையங்கால் குடித்தது போக
நான் என்றைக்கோ எழுதிய நூற்றுச் சொச்சத்தின் மிச்சம்
படித்துறையில் ஒருத்தர் சட்டையை அலசிக்கொண்டிருக்கிறது.
கைப்பிடிச் சுவரில் குனிந்து பார்க்கிறேன்.
மேல்காற்று பலமாக அடிக்கிறது.
கன்னத்தில் ஏதோ பட்டது.
துடைத்துப் பார்த்தேன்,
கோட்டுக்குக் கீழேதான்.